செத்த கடல்நாயின் வாலில் ஒரு முடிச்சு

காப்பி ஆறிவிட்டால் சொல்லுங்கள், சூடாக்கித் தருகிறேன். இந்த அடுப்பு பற்றிக்கொள்ளக் கொஞ்சம் அடம்பிடிக்கும், வேறொன்றும் இல்லை.

மேசைமேல் பிளாஸ்டிக் பையில் நீங்கள் வைத்திருக்கும் கயிறு என்னுடையதுதான், ஆபீசரம்மா. முடிச்சும் நான் போட்டதுதான். நாஸ்கெட் துறையில் பட்டி வலை கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும், ஈரத்திலும் நழுவாது. அதைப் போடத் தெரிந்த இன்னொருவன் மாதா கோயில் கல்லறையில் படுத்திருக்கிறான். ஆகவே நீங்கள் நேராக என் வீட்டுக் கதவைத் தட்டியதில் எனக்கு வருத்தமில்லை.

செத்த கடல்நாயைத் தொடுவதே குற்றம் என்கிறீர்கள். தெரியும். அதை நான் செய்தேன். ஆனால் நான் அதைக் கொல்லவில்லை. ஏதோ ஒரு பெரிய படகின் அடியில் சுழலும் விசிறி அதன் கழுத்தைக் கிழித்திருந்தது. கரை ஒதுங்கிக் கிடந்ததைத்தான் எடுத்தேன். உயிருள்ள கடல்நாயை என் வாழ்நாளில் நான் கையால் தொட்டதில்லை, கல்லால் அடித்ததில்லை. என் தாத்தா காலத்தில் அதன் மூக்கை அறுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் ஊராட்சி பரிசு கொடுத்தது. என் காலத்தில் அதை முறைத்துப் பார்த்தாலே வழக்கு. சட்டம் மாறியது, நான் சட்டத்தோடு மாறினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

எதற்காக அதை இழுத்துக்கொண்டு போனாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

பட்டி வலை என்பது கடலுக்குள் கம்பம் நட்டு, சுற்றிலும் வலை கட்டி, மாட்டைப் பட்டிக்குள் ஓட்டுவதுபோல மீனைத் தானாக உள்ளே வரவிடுவது. நானும் என் தம்பி வெர்னனும் கட்டினோம். வசந்தத்தில் கணவாய் வரும், பின்னால் கானாங்கெளுத்தி வரும். காலையில் படகில் போய் அள்ளிக்கொண்டு வருவதுதான் வேலை. நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது கடல்நாய் என்பது அபூர்வம். ஒன்று தலைகாட்டினால் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவோம். இப்போது மணல்திட்டில் மணல் தெரிவதில்லை. மாட்டுக் கனம் உள்ளவை, தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு கிடக்கின்றன. பட்டி எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும். வலையைக் கிழித்து உள்ளே போய், மீனின் உடலைக் கடித்துத் தின்றுவிட்டு, தலையை மட்டும் எங்களுக்கு விட்டுவைக்கும். நாங்கள் போய்ப் பார்த்தால் பட்டி நிறையத் தலைகள் மிதக்கும்.

வெர்னன் சிரிக்கிற ஆள். கிழட்டுக் கடல்நாய் ஒன்று தினமும் வரும். அதைப் பார்த்ததும், "அண்ணே, மாமனார் வந்துட்டாரு, தட்டெடுத்து வை" என்பான். எனக்குச் சிரிப்பு வராது. எனக்குக் கோபம்தான் வரும். நெஞ்சுக்குள் உலை கொதிப்பதுபோல வரும். சாமான்களை ஒழுங்காக அடுக்கி வைப்பேன், கயிற்றைச் சுருட்டி வைப்பேன். கோபம் வந்தால் நான் அப்படித்தான், கை ஒழுங்காகிவிடும்.

கடல்நாய் பெருகினால் அதைத் தின்பது வரும். வெள்ளைச் சுறா வந்தது. கோடையைக் கழிக்க வரும் கோடைக்காரர்களின் கடற்கரையில் சுறா எச்சரிக்கைக்கான ஊதாக் கொடி ஏறியது. கடையில் பொம்மைச் சுறாவும் சுறாப் படம் போட்ட பனியனும் விற்றார்கள். இடுப்பளவுக்கு மேல் அவர்கள் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. ஆனால் எங்கள் வேலை இடுப்பளவில் முடிகிற வேலையா? வலை கிழிந்தால் ஒருவன் உள்ளே முங்கித் தைத்தாக வேண்டும். வெர்னன்தான் தைப்பான். எனக்குக் காது வலி.

போன ஜூன் கடைசியில், கணவாய் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாளில், அடிவலையில் ஒரு பெரிய ஓட்டை. கணவாய் எல்லாம் அதன் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குக் கடல்நாய் ஒன்றைக்கூடக் காணோம். மாமனாரைக்கூடக் காணோம். தொல்லை விட்டது என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். வெர்னன் ஊசியும் நூலுமாக இறங்கினான். அப்புறம் நடந்தது பேப்பரில் வந்ததுதான். நான் மேலே இழுத்தபோது அவன் பாதிதான் வந்தான்.

அதற்கு யாரும் என்னை விசாரிக்க வரவில்லை, ஆபீசரம்மா. ஒரு பையன் வந்தான், ஒரு கையெழுத்து வாங்கினான், "விபத்துங்க, வருத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் காப்பிகூடக் குடிக்கவில்லை.

வெர்னனின் மனைவி லோரெய்ன் அடக்கத்தன்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு அவரை எறங்கச் சொன்னது? அதை மட்டும் சொல்லுங்க மச்சான், யாரு சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். துக்கத்தில் இருப்பவள், அவளிடம் என்ன பேசுவது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. கேல் கீரை சூப் வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புகிறவள், அதையும் நிறுத்திவிட்டாள். துக்கம் மனிதர்களை அப்படி ஆக்கும். நான் அவளைக் குறை சொல்லவில்லை.

நான் குறை சொல்வது பேராசிரியர் ட்ரஸ்காட்டை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், போன செப்டம்பரில் இறந்துபோனவர். பாஸ்டனில் வேலை முடித்துவிட்டு, மேட்டின்மேல் அந்தக் கண்ணாடி வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தவர். கடல்நாய் அன்பர்கள் சங்கம் அவர் ஆரம்பித்ததுதான். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். வெர்னனின் அடக்கத்துக்கு வந்தார், எலுமிச்சைக் கேக் கொண்டுவந்தார். தினமும் காலையில் தன் வீட்டு மரப்படியில் இறங்கி, கரைக்கும் மணல்திட்டுக்கும் நடுவிலுள்ள ஆழத்தில் நீந்துவார். கடல்நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே கூடவே வரும். அவை பக்கத்தில் இருக்கும்வரை தனக்குப் பயமில்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லுவார்.

வெர்னனைப் புதைத்த மாதமே ஊர்க்கூட்டம் நடந்தது. கடல்நாய்களைக் கொஞ்சமாவது குறைக்க அனுமதி கேட்டு மேலே எழுதலாமா என்று மீன்காரர்கள் கேட்டோம். ட்ரஸ்காட் எழுந்தார். கடல்நாய்களை முன்பு மனிதன் அழித்தான், இப்போதுதான் அவை திரும்பி வந்திருக்கின்றன, மீன் குறைந்ததற்கு அவை மட்டும் காரணமில்லை என்றார். அதெல்லாம் சரியாகவே இருக்கலாம், நான் படித்தவனில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "கடல் அதுங்களோட வீடு. நாமதான் விருந்தாளிங்க. வெர்னனுக்கு இது நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் இறங்கினாரு. அவரே இதுக்குக் கோபப்பட்டிருக்க மாட்டாரு."

கைதட்டினார்கள், ஆபீசரம்மா. என் தம்பியின் கோபத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்தார், ஊர் கைதட்டியது. லோரெய்ன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐஸ்கிரீம் கடைக்காரனும் தட்டினான். நான் எழுந்து நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். அவன் நாற்காலியையும் மடக்கியிருப்பேன், அவன் அதில் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. கோடைக்காரர்கள் போய், கடற்கரைக் காவலர்களும் போன பிறகு ட்ரஸ்காட் மட்டும் நீந்திக்கொண்டிருந்தார். ஒருநாள் மாலை பனி மூடிய நேரத்தில் அந்தச் செத்த கடல்நாயைப் பார்த்தேன். சத்தியமாக நான் தேடிப் போகவில்லை, அதுவே வந்து கிடந்தது. வாலில் கயிற்றைக் கட்டி, சின்னப் படகில் இழுத்துக்கொண்டு போய், அவருடைய படிக்கு நேர் எதிரே ஆழத்தில் பழைய சங்கிலியோடு சேர்த்து இறக்கினேன். அது ஊறி, எண்ணெயும் ரத்தமும் வற்றத்தோடு, கடல் உள்வாங்கும்போது, வெளியே போகும். வெளிக்கடலில் திரியும் சுறாக்களுக்கு வாசனை போய்ச் சேரும். விருந்து வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி யார் என்பதைச் சொன்னவர் அவர்தான்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அவர் நீந்தினார், கடல்நாய்கள் கூடவே வந்தன. அதற்கு மறுநாள் காலையில் நான் படகைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, வலை தைப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் ஒரு கடல்நாய் இல்லை. எல்லாம் மணல்திட்டின் மேலே ஏறி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏப்பம்கூட விடவில்லை. அப்படி இருந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் துறையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். புத்தகம் படித்து வந்தவருக்குத் தெரியவில்லை.

துண்டைப் படிக்கட்டில் போட்டுவிட்டுக் கையை ஆட்டினார். "என்ன ரேகோ, இன்னிக்கு நம்ம கூட்டத்தைக் காணோமே?"

"திட்டுமேல வெயில் காயுதுங்க," என்றேன்.

"என்னை மறந்துடுச்சுங்களா? சரியான நன்றிகெட்ட பசங்க." சிரித்தார். கணுக்கால் நனைய நின்றுகொண்டு, என்னவோ யோசித்தார். ஒரு நிமிடம் அவர் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "போலாமா, இல்ல நாளைக்குப் பாத்துக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க? நீங்க கடல்காரரு."

"ஒன்னுகூட இல்லை, தண்ணி சுத்தமா இருக்கு. எறங்குங்க," என்றேன்.

இறங்கினார். நான் ஊசியில் நூலைக் கோத்தேன். அவர் கத்தவில்லை. சுறா பிடித்தவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. நான் படகை உடனே எடுத்தேன், அதை எல்லோரும் சொல்வார்கள். கிழிந்த தொடையை ரத்தம் நிற்க இதே முடிச்சுப் போட்டுக் கட்டினேன், படகில் ஏற்றினேன். கரை வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், என்னை நம்பி. கரையில் அவர் உயிரோடு இல்லை. ஊராட்சி எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது, அதே கூடத்தில். ஐஸ்கிரீம் கடைக்காரன் எழுந்து நின்று தட்டினான். ட்ரஸ்காட்டின் படிக்கட்டில் பூ வைத்தார்கள். கடல்நாய் பொம்மைகளும் வைத்தார்கள்.

இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். இத்தனை நாள் கழித்து ஒரு வால் கரை ஒதுங்கியது, அதில் ஒரு முடிச்சு இருந்தது, யாரோ படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு செத்த கடல்நாயை அவமரியாதை செய்தது யார் என்று கேட்டு அரசாங்கம் ஆளனுப்புகிறது. என் தம்பிக்கு வராத அரசாங்கம். ட்ரஸ்காட்டுக்கும் வராத அரசாங்கம். உண்மையைச் சொன்னால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீங்கள் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக அந்த மிருகத்தின் பெயரைச் சொன்னீர்களே, அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. ட்ரஸ்காட்டை நான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். கடல்நாயை இரண்டாவதாக எழுதுங்கள்.

ஏன் எழுதாமல் என்னைப் பார்க்கிறீர்கள்?

"ரேகோ," என்கிறீர்கள், "கடல்நாய் எல்லாம் தண்ணியவிட்டுப் போனா சுறா வந்திருக்குன்னு அர்த்தம். பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்னு நீங்களே சொன்னீங்க. உங்க தம்பி இறங்கின அன்னிக்கும் ஒன்னுகூட இல்லைன்னீங்க. அவரை யாரு எறங்கச் சொன்னது?"

லோரெய்ன் சொல்லி அனுப்பினாளா? இல்லையா. சரி.

அன்றைக்கு வெர்னன் படகின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஏண்ணே, ஒன்னுகூடக் காணோமே? மாமனாருமா லீவு? எனக்கென்னவோ சரியாப் படலை, நாளைக்குத் தைக்கட்டுமா?" என்றான். கணவாய் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்த மிருகங்கள்மேல் இருந்த கோபத்தில் வேறொன்றும் தோன்றவில்லை. நான் பதில் சொன்னேன். ட்ரஸ்காட்டிடம் சொன்ன அதே பதில்தான், மரியாதையைத் தவிர வார்த்தை மாறவில்லை.

ஆனால் அதையும் இதையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள், ஆபீசரம்மா. தம்பியிடம் நான் அதைச் சொன்னது நல்லதுக்குத்தான்.