இஸ்திரி மேசையில் விரித்த துணி

பெயரும் விலாசமும் மேலே பதிந்தபடி. வயது நாற்பத்தேழு. தொழில் தையல். எதிர்க்கடைக்காரர் என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை. இருவரும் மாமனாரிடமே தொழில் கற்றோம். நான்தான் மூத்த மருமகன். இருந்தும் மாமனார் தம் சட்டையை அவரிடமே தைக்கக் கொடுப்பார். காலர் சகலைக்குத்தான் படிகிறதாம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவர் கடை பூட்டியிருந்தால்தான் என்னிடம் பட்டன் தைக்கக்கூட ஆள் வரும்.

சென்ற மாத ஊர்வலத்துக்காக அதிபரின் முகம் அச்சிட்ட துணி கடைக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட்டது. நல்ல கனமான பருத்தி. ஊர்வலம் முடிந்த பிறகு சகலை அதைக் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி மேசையில் விரித்துக்கொண்டார். துணியை வீணாக்காதது எங்கள் தொழில் புத்தி. அதன் பிறகு நான் கறுப்பு நூல் கேட்டுப் போனபோது ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அதிபரின் நெற்றி பழுப்பேறியிருந்தது.

"என்ன சகலை இது?" என்றேன்.

"கெட்டித் துணிண்ணே, சும்மாதானே கெடக்குது. நீங்களும் விரிச்சுக்கோங்க, சூடு தாங்குது" என்று சிரித்தார். எனக்கே தொழில் சொல்லித்தருகிறார் என்று வயிறு எரிந்தது.

அதன் பிறகு இன்று காலை இன்ஸ்பெக்டர் ஐயா, தெருமுனைச் சுவரில் அரசுக்கு எதிராகக் கிறுக்கியது யார் என்று விசாரிக்க என் கடைக்கு வந்தார். தெரியாது என்றேன். அவர் படியிறங்கும்போது நானாகவே இஸ்திரி மேசையைப் பற்றிச் சொன்னேன்.

"அதை நாங்க கேக்கலையேப்பா" என்றார்.

"கேக்காட்டியும் சொல்லணும் இல்லைங்களா" என்றேன். அதன் பிறகு நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். யாரும் என்னை மிரட்டவில்லை. டீ கொடுத்தார்கள்.

இதுபோன்ற புகாரில் அழைத்துப் போகப்பட்டவர்கள் எங்கள் தெருவுக்குத் திரும்பியதில்லை என்பது எனக்குத் தெரியும். சகலைக்கு இரண்டு பெண்கள். சின்னவள் 'பெரியப்பா' என்று என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். சொன்னதைத் திரும்பப் பெற விருப்பமா என்று எழுத்தர் கேட்டார். இல்லை என்றேன்.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் ஐயா, தம் புதுச் சீருடை சகலையிடம் தைக்கக் கிடப்பதாகவும், அது கைக்கு வந்ததும் அவரை அழைத்து வருவதாகவும் சொன்னார். மீதியை நானே முடித்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாம்ப்பா. காலர் மட்டும்தான் பாக்கி. அதை அவரே தைக்கட்டும்" என்றார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

(கையொப்பம்)