பென்சில்வேனியா மாப்பிள்ளை

மோர்னிங்சைட்டில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதிருக்கும். தொப்பி போட்டிருந்தவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் என்பது அவருடைய முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

"கலிபோர்னியாப் பெடியன் வேண்டாம் அண்ணை. மகளைப் பென்சில்வேனியாக்காரனுக்குத்தான் குடுக்கப் போறன்."

மடியில் மீன் பையை வைத்திருந்தவர் திரும்பினார். "ஏன், குறிப்புப் பொருந்தேல்லையோ?"

"ரெண்டும் நல்லாப் பொருந்துது. ஆனா மகள் அங்க போய் அமெரிக்கன் சிற்றிசன் எடுத்தாப் பிறகு, கலிபோர்னியாவில வோட்டுப் போட்டென்ன, விட்டென்ன? அங்க எப்பவும் ஒரே கட்சிதான். வெண்ட கட்சி, சனாதிபதியைத் தெரிவுசெய்யிற அந்த மாநிலத்தின்ர எலெக்டர்மாரை முழுசா அள்ளிக்கொண்டு போயிடும்."

"பென்சில்வேனியாவில?"

"அங்கயும் அதே சட்டம்தான். ஆனா அது ஒருக்கா இந்தப் பக்கம் சாயும், ஒருக்கா அந்தப் பக்கம் சாயும். ரெண்டு கட்சிக்காரரும் வீட்டு வாசலுக்கு வந்து கெஞ்சுவினம்."

"அப்ப நாடு முழுக்கக் கூட வோட்டு எடுத்தவரும் தோக்கிறது உதாலதானோ?"

"ஓம், அண்ணை. அதுதான் சொல்லுறன், பிள்ளையின்ர சொல்லுக்கு மதிப்பிருக்கிற இடமாப் பாத்துக் குடுக்கோணும்."

நான் போனைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன். மீன் பைக்காரர் மடியிலிருந்த பையை நிமிர்த்தி வைத்தார்.

"பிள்ளைக்கு ஆரைப் பிடிச்சிருக்காம்?"

தொப்பிக்காரர் எழுந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் மஞ்சள் கயிற்றை இழுத்தார்.

"அவளை இன்னும் கேக்கேல்லை."