பாமாவுக்காக ஊதிய மூச்சு

எனக்கு வயது அறுபத்திரண்டு. இன்றைக்கும் மூன்று மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்காது. இங்கே படியேறி வரும்போதுகூட உங்கள் கான்ஸ்டபிள்தான் நடுவில் நின்றார், நான் காத்திருந்தேன். களைப்பு இருக்கிறது மேடம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது நெஞ்சில் இல்லை. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சிந்தியா. ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து அங்கேயே சர்ச் கொயரில் முப்பத்தேழு வருடம் பாடினேன். மூச்சை அடிவயிற்றில் பிடித்துச் சிறுகச் சிறுக விடுவது எனக்குப் பழக்கம். ஐம்பத்தைந்து வயதானபோது, "சின்னப் பசங்க வராங்க சிஸ்டர், நீங்க கீழ உக்காந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வருத்தமில்லை. மூச்சு மட்டும் மிச்சமிருந்தது.

பொம்மனஹள்ளியில் நகைப்பெட்டி செய்கிற கம்பெனியில் நான் சூப்பர்வைசர். மோதிரப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெல்வெட் தெரியும் அல்லவா, அது துணி இல்லை. பிளாஸ்டிக் தட்டில் பசை தடவி, அதன்மேல் நைலான் தூளைப் பீய்ச்சுவார்கள். மயிரைவிட மெல்லிய இழையை மாவுபோல நறுக்கிய தூள். அதற்குத் தனி அறை உண்டு. தூள் ரூம் என்போம். பாமா, மரகதம், வைஷ்ணவி, மூன்று பேரும் அங்கேதான். நீலப் பெட்டி அடித்த நாள் சாயங்காலம் பாமாவின் இமை நீலமாக இருக்கும், சிவப்பு அடித்தால் சிவப்பு. "கம்பெனி மேக்கப்புக்கா, கழுவுனாலும் போவாது" என்பாள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவள். கணவன் இல்லை. கிருத்திகா என்று ஒரு மகள்.

அங்கே ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். லீவு லெட்டர், பி.எஃப். தாள், பள்ளிக்கூட நோட்டீஸ் எல்லாம் என்னிடம்தான் வரும். "சிந்தியாக்கா, இதுல இன்னா போட்டிருக்கான்?" என்று நீட்டுவார்கள். நான் சொல்வதுதான் அந்தத் தாளில் எழுதியிருப்பது.

ஆறு வருடத்துக்கு முன்பு, மார்ச் மாதம், மூச்சுப் பரிசோதனை வேன் வந்தது. குழாயை வாயில் வைத்து ஊத வேண்டும். பாமா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் ஊதுனா தேறமாட்டேன். படி ஏறுனாலே இரைக்குது. ஒடம்பு சரியில்லன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கிருத்திகா பத்தாவது படிக்கிறா."

"நான் ஊதறேன். நீ போய் வேலையப் பாரு" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. தொப்பி, மாஸ்க், நீலக் கோட்டு போட்டால் எல்லாரும் ஒன்றுதான். வேனில் இருந்தவர் எரிக் என்று ஒருவர். தலை நிமிர மாட்டார். பலமாக ஊதச் சொல்லி, "ஜோராகி ஊதி, ஊதி, ஊதி" என்று கன்னடத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தே சொல்வார். பாமாவுக்காக ஊதினேன். மரகதத்துக்காக ஊதினேன். மூன்றாவதாக வைஷ்ணவியின் பெயரில் போனபோது நிமிர்ந்து பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க இப்பதானே வந்துட்டுப் போனீங்க?"

"அது எங்க அக்கா" என்றேன்.

சிரித்துவிட்டு அடுத்த பெயரைத் தட்டினார். பாவம், அவருக்கும் அன்றைக்கு இன்னும் இரண்டு ஃபேக்டரி பாக்கி இருந்தது.

ஒவ்வொரு மார்ச்சும் ஊதினேன். ரிப்போர்ட் அழகாக வந்தது. மூன்றாம் வருடம் மேனேஜர் ஜெயராஜ் அதை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். "லங்ஸ் எல்லாம் சூப்பரா இருக்குங்களே சிஸ்டர். அப்ப இந்தத் தூசி உறிஞ்சற மிஷின் எதுக்கு சும்மா கத்திக்கிட்டு கெடக்குது? வேற யூனிட்ல கேக்கறாங்க."

நான் என்ன சொல்வது? ரிப்போர்ட் பொய் என்று சொன்னால் அந்தப் பெண்கள்தானே மாட்டுவார்கள். மிஷினைக் கழற்றிக்கொண்டு போன அன்று எல்லாருக்கும் சந்தோஷம். சத்தமில்லாமல் பேசிக்கொண்டே வேலை செய்யலாம் என்றார்கள். நான்கூட டீ வரவழைத்தேன்.

போன வருடம் ஏப்ரலில் பாமாவால் உட்கார்ந்து தலைவாரக்கூட முடியவில்லை. ஈஜிபுராவில் ஒரு டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். அவளுக்குப் பேச வராது, இருமல்தான் வரும். அதனால் அவளுக்காக நான் பேசினேன்.

"தூசி வேலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"பெட்டிக் கம்பெனி டாக்டர். வருஷா வருஷம் செக்கப் உண்டு" என்று மார்ச் மாத ரிப்போர்ட்டை நீட்டினேன்.

அவர் இரண்டு தடவை பார்த்தார். "போன மாசம் வரைக்கும் இவ்வளவு நல்லா இருந்திருக்கு. அப்ப இது புதுசா வந்ததுதான். டி.பி.யா இருக்கலாம். சளியில தெரியல, இருந்தாலும் மருந்து ஆரம்பிச்சிடலாம்."

அது என் மூச்சு டாக்டர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கப்போவது அதுதானே. அவருக்கு வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். பாமாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதம் டி.பி. மாத்திரை. தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் நானே எடுத்துக் கொடுப்பேன். வெந்நீர் வைப்பேன், முட்டை அவித்துக் கொடுப்பேன். "நீங்க இல்லன்னா எனக்கு யாருக்கா இருக்காங்க" என்பாள். அதுவும் ஒரே மூச்சில் வராது, மூன்றாக உடைந்து வரும். அவள் சிரமப்படுவதைப் பார்த்து, "பேசாத, எனக்குத் தெரியும்" என்பேன்.

கடைசியில் கிருத்திகா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நுரையீரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நைலான். அந்த டாக்டரிடம் நான் கேட்டேன், எல்லார் நெஞ்சிலும் பிளாஸ்டிக் இருக்கிறதாமே என்று. இருக்கிறது என்றார். உடுத்துகிற துணியிலிருந்து, ரோட்டில் தேய்கிற டயரிலிருந்து எல்லாரும் கொஞ்சம் மூச்சோடு இழுக்கிறோம், அந்தக் கொஞ்சம் என்ன செய்யும் என்று இன்னும் முழுதாகத் தெரியாது என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. பிறகு அவர், "ஆனா இது அந்தக் கொஞ்சம் இல்லம்மா. முன்னாடியே அந்த ரூமை விட்டு வெளிய எடுத்திருந்தா இவங்க பொழைச்சிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு பாமா பத்தொன்பது நாள் இருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் கிருத்திகா அந்த மார்ச் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஆன்ட்டி, இது எங்கம்மா மூச்சு இல்ல. எங்கம்மாவால மெழுகுவத்தியக்கூட ஊதி அணைக்க முடியாது. இது யாரோடது?"

நான் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

மரகதமும் வைஷ்ணவியும் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அவர்களை உண்மையாகவே ஊதச் சொல்லுங்கள். வைஷ்ணவிக்கு இருபத்தொன்பதுதான்.

என் மேல் என்ன எழுதுவீர்களோ எழுதுங்கள். ஆனால் இரக்கப்பட்டுச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

சொன்னதில்லை என்றுதான் சொன்னேன் மேடம். வாசித்ததில்லை என்று சொல்லவில்லை. தூள் ரூம் திறந்த அன்று, முதலில் பிரித்த தூள் மூட்டைக்குள் ஒரு தாள் இருந்தது. பாமாதான் எடுத்து வந்து நீட்டினாள். "இன்னாக்கா போட்டிருக்கான்?" இரண்டு பக்கம், எல்லாம் ஆங்கிலம். நெருப்புப் பக்கம் வைக்காதே என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்துச் சொன்னேன். மூச்சில் போனால் நுரையீரல் கெட்டுப்போகும் என்று அதன் கீழே எட்டு வரி இருந்தது. வேலை தொடங்குகிற நேரம், வரிசையாக எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். அன்று மத்தியானமே ஜெயராஜிடம் போய், மாடியில் வெளிச்சம் நன்றாக இருக்கும், என் மேசையை அங்கே போட்டுத் தாருங்கள் என்று கேட்டேன்.

அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை. வேண்டுமென்றால் ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் என் அறைக் கதவுக்கு அடியில் இருக்கிறது. கீழேயிருந்து தூள் வந்துகொண்டிருந்தது, அதனால் நாலாக மடித்து இடுக்கில் சொருகி வைத்தேன்.