மாமியார் அருகில் இருந்தபோது

காந்திபுரத்திலிருந்து அன்னூர் செல்லும் பேருந்தில், பக்கத்து வரிசையில் இருந்த இளைஞர் தம் நண்பரிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"மாமியா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. அதனால, நான் குடிக்கறதே இல்லீங்கன்னு டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

அந்த அம்மையார் அவர்களுக்கு முன் இருக்கையில், கைப்பையை மடியில் வைத்துக் கண்மூடி அமர்ந்திருந்தார்.

"எதுக்குங்க டாக்டர் மாத்திரை குடுத்தாரு?"

"மனசு படபடன்னு அடிச்சுக்குதுங்க. இதப் போட்டா அடங்கித் தூக்கம் வருமாமுங்க. இன்னைக்குத்தான் ஆரம்பிக்கோணும்."

"மாமியாளப் பாத்த படபடப்பாக்கும். சாயங்காலம் பங்காளி ஊட்டுக் கெடா விருந்துக்குப் போறீங்கல்ல?"

"ரெண்டு ரவுண்டோட நிறுத்திக்குவனுங்க."

"இருமலுக்குத் தூக்கம் வர்ற டானிக் ஒண்ணு குடிக்கறீங்களே, அதச் சொன்னீங்களா?"

"அது மருந்துக்கடையில நானா வாங்குனதுங்க. டாக்டர் எழுதுனதில்லயே, அவருகிட்ட எதுக்குச் சொல்லோணும்?"

"ஏனுங்க, வெளையாடறீங்களா? மாத்திரை, டானிக், சரக்கு மூணும் ஒண்ணாச் சேந்தா மூச்சே நின்னுபோயிருமுங்க. இப்பவே போனப் போட்டு உண்மையச் சொல்லுங்க."

"மாமியாளுக்குக் கேட்டுருமுங்க."

அம்மையார் கண்ணைத் திறந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க குடிப்பீங்கன்னு பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாலயே விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டமுங்க. எறங்குங்க, டாக்டர்கிட்டப் போலாம்."