மூன்றாவது தடவை

எங்கள் மினசோட்டாவில் காப்பி கொடுத்தால்கூட யாரும் உடனே வாங்கிக்கொள்வதில்லை. இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாவது தடவைதான் கை நீட்டுவோம். அப்பா சந்தையில் பழைய பனிவண்டி விற்றவர். "இது உனக்குச் சரிப்படாதுப்பா" என்பார். வந்தவன் கெஞ்சி வாங்கிப்போவான்.

நானும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்று ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் நாள். தெரிந்துதான் போனேன். பின்வாசலில் வரவேற்பாளர் மார்லிஸ் என்னைப் பார்த்தபோது, என் இரண்டு கையிலும் சூடான உருளைக்கிழங்குத் தட்டு. கழுத்தில் அடையாள அட்டை இல்லை, மேலே கம்ப்யூட்டர் கம்பெனிச் சட்டை மட்டும்.

"கம்ப்யூட்டர் ஆளா? உள்ள வாப்பா."

"வேண்டாம்மா. அட்டை கார்ல இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்."

"இந்தக் குளிர்லயா? காது கழண்டு விழுந்துடும்."

"உங்களுக்கு எதுக்கும்மா வம்பு?"

"திருடன் எவனாவது சமைச்சு எடுத்துட்டு வருவானா? வா."

தன் அட்டையைத் தேய்த்துத் திறந்தாள். பாஸ்வேர்டையும் அவளேதான் கொடுத்தாள், நான் இரண்டு தடவை மறுத்த பிறகு.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் திரைகள் எல்லாம் இருண்டன. பணம் தந்தால் திறப்போம் என்று என் கூட்டாளிகள் எழுதியிருந்தார்கள். பேரம் பேசவும் இடம் வைத்திருந்தோம், நிர்வாகம் பேசவில்லை. இரண்டாம் மாடியில் ஆர்டன் என்றொரு பெரியவர், நினைவில்லாமல் கிடந்தார். பென்சிலின் அவருக்கு ஆகாது என்பது திரையில்தான் இருந்தது. ஊசி போட்டுவிட்டார்கள். போட்டது என் கை இல்லை. மார்லிஸின் கணவர் அவர் என்று பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் துக்கத்துக்குப் போனேன். மனுஷன் என்றால் போக வேண்டுமல்லவா? சர்ச்சின் கீழ்த்தளத்தில், சாண்ட்விச் மேசைக்குப் பின்னால் மார்லிஸ் நின்றாள். என்னைப் பார்த்தாள். முகம் மாறவில்லை. சமையலறைக்குள் போய்க் காப்பியோடு வந்தாள்.

"குடிச்சுட்டுப் போப்பா."

"வேண்டாம்மா, கிளம்பணும்."

"ஒரு வாய்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"ஆர்டனுக்காகக் குடி."

குடித்தேன். கோப்பை காலியாகுமுன் மறுபடி ஊற்றினாள். எனக்கு எத்தனை சர்க்கரை என்றுகூடக் கேட்டாள். பாதி குடிக்கும்போது உங்கள் போலீஸ் ஆட்கள் வந்தார்கள்.

கையெழுத்துப் போடுகிறேன். கதவு, பாஸ்வேர்டு, திரைகள், நீங்கள் சொல்வதுபோல் ஆர்டனும், எல்லாம் நான்தான். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: துக்கத்துக்கு வந்த ஒருவனைக் காப்பி கொடுத்து உட்காரவைத்துப் பிடித்துக்கொடுப்பது என்ன நியாயம்? நான் அவளை நம்பினேன்.