பத்துக்கு மூன்று

பெயர்: அழகுமுத்து பூரணி. வயது: 24. தொழில்: பிள்ளை மடுவப் பொறுப்பாளர். முகவரி: கரும்பாறைத் தோட்டம், மேற்பிரிவு, டிக்கோயா. ஆண்டு: 2004.

என் அண்ணன் சோலைமலை, உளவள ஆலோசகர் ஊர்மிளா என் புத்தியைக் கலைத்து மழையில் அலையவிட்டதாகவும், புத்தி பேதலித்த என்னிடம் குழந்தைகளை விடக்கூடாதெனவும் இந்தப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்திருப்பதாக அறிவிக்கப்பட்டேன். வீட்டு விஷயத்தை வெளியில் பேசும் வழக்கம் எனக்கில்லை. ஆயினும் கூறுகிறேன்.

சென்ற ஆண்டு பெருமழையில் மண் சரிந்து, தொழிலாளரின் குழந்தைகளை நான் பகலில் பார்த்துக்கொள்ளும் மடுவத்தின் பின்சுவர் விழுந்தது. குழந்தைகளை முன்னரே வெளியேற்றியிருந்தேன், ஒருவருக்கும் காயமில்லை. அதன் பின் தகரக் கூரையில் மழை விழுந்தாலே மூலையில் ஒடுங்கினேன், வேலைக்குப் போவதை நிறுத்தினேன். எந்நேரமும் படிக்கும் வழக்கமுள்ள நான், புத்தகத்தை விரித்தால் ஒரே வரியில் நின்றேன்.

அதன் பின் ஆஸ்பத்திரிக்கு வாரந்தோறும் வரும் ஊர்மிளாவிடம் சென்றேன். அவர் யாழ்ப்பாணத்தவர். தொடங்கும்போது என் மனநிலைக்கும், முடியும்போது அன்றைய பேச்சு உதவியதா என்பதற்கும் பத்துக்கு எத்தனை என்று கேட்பார். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கப் பழக்கினார். பல வாரங்கள் என் மனநிலைக்கு இரண்டும், அவர் பேச்சுக்குப் பத்தும் கொடுத்து வந்தேன். ஒருநாள் அவர், "பூரணி, உங்கட மனம் ரெண்டிலயே நிக்குது. எனக்கு மட்டும் என்னெண்டு பத்து?" என்றார்.

"அவ்வளவு தூரம் பஸ்சுல வர்றவங்களுக்கு எப்படிங்க மிஸ் கொறச்சுப் போடுறது?" என்றேன்.

"இதென்ன கலியாணவீட்டுச் சாப்பாடே, எப்பிடி இருந்தாலும் நல்லாயிருக்கெண்டு சொல்ல?" என்று சிரித்தார்.

அதன் பின் அவர் பேச்சுக்கு மூன்று என்றேன். கண்ணை மூடினால் மழை இன்னும் பெரிதாகக் கேட்கிறது என்றும் சொன்னேன். என்னைவிடப் பெரியவர் ஒருவருக்கு நான் குறைத்துப் போட்டது அதுவே முதல் தடவை. அவர் கோபிக்கவில்லை. அந்தப் பயிற்சியை அன்றே கைவிட்டார்.

அதன் பின் கண்ணைத் திறந்து மழையைப் பார்க்கப் பழகினேன். முதலில் ஜன்னல், அதன் பின் வாசல், அதன் பின் குடையுடன் ஆஸ்பத்திரி முற்றம். ஒவ்வொரு முறையும் கேட்டார், உள்ளதைச் சொன்னேன், குறைந்தபோதெல்லாம் வழியை மாற்றினார். என் மனநிலை நான்காகி, ஆறாகி, எட்டுக்கு வந்தது.

சென்ற வாரம் கொட்டும் மழையில் குடையை மடக்கிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பாதையில் வீட்டுக்கு நடந்தேன். சிரித்தபடி நடந்தேன். அதைக் கண்ட அண்ணன், "புஸ்தகம் படிச்சுப் பாதி கழண்டுச்சு, மீதிய அந்தம்மா கழட்டி விட்டுருச்சு" என்றார்.

"பயந்து மூலையில கெடந்தப்ப நல்லா இருந்தேனாக்கும்?" என்று கேட்டேன். அவர் நேரே இங்கு வந்து முறைப்பாடு கொடுத்துவிட்டார். அவர்மீது எனக்கு வன்மமில்லை.

என்னை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. சுவர் திரும்பக் கட்டப்பட்டுள்ளது. திங்கட்கிழமை மடுவத்தைத் திறப்பவள் நானே.

இதைப் பதிந்த சார்ஜன்ட் மஃறூப் வாசித்துக் காட்டியபோது, "மழையில் நடக்க வைக்கப்பட்டேன்" என்றிருந்தது. "நடந்தேன்" என்று மாற்றக் கேட்டேன்.

"ரெண்டும் ஒன்னுதானே தங்கச்சி?" என்றார்.

"இல்லைங்க சார்" என்றேன்.

வெட்டித் திருத்தினார். திருத்திய இடத்தில் ஒப்பமிட்டேன். ஏனைய வரிகள் யாவும் நான் சொன்னபடியே உள்ளன. அவை உண்மை என்பதற்குக் கீழும் ஒப்பமிடுகிறேன்.

அ. பூரணி