கர்னலின் சட்டப் புத்தகமும் ஒரு கோவேறு கழுதையும்

1865 அக்டோபர் 17, வில்லியம்ஸ்பர்க், விடுதலை பெற்ற அடிமைகளுக்கான அரசு அலுவலகம். புகார்தாரர் கர்னல் ஹோரஸ் கில்பின். எதிராளி கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் அப்சலோம். குடும்பப் பெயர் இரண்டு மாதமாக விட்லாக். வயது முப்பத்து நான்கு இருக்கலாம். கர்னல் வீட்டுப் பைபிளில் குதிரைகள் பிறந்த தேதிகள் உள்ளன. என்னைக் குறித்து 'பழுப்புக் குதிரை குட்டி போட்ட வாரம்' என்று மட்டும் இருப்பதாகக் கேள்வி. இவ்வூருக்குக் கிழக்கே குத்தகை நிலத்தில் மனைவி டேமர், ஒன்பது மாதப் பெண் குழந்தை ஆகியோருடன் குடியிருந்து சோளம் பயிரிடுகிறேன். அதற்கு முன் நியூ கென்ட் மாவட்டத்தில் கர்னல் கில்பினுக்கு அடிமையாக வண்டி ஓட்டிவந்தேன். 1863 மார்ச்சில் அவருடைய கோவேறு கழுதையையும் சட்டப் புத்தகத்தையும் திருடியதாக என் மேல் புகார். நிரூபணமானால் எனக்கு ஓராண்டுச் சிறை, கழுதை அவருக்கு என்று தெரிவிக்கப்பட்டது. கழுதை போனால் உழவு இல்லை.

மேற்படி புத்தகம், தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் அமைத்த அரசின் அரசியல் சட்டமாகும். கர்னல் அதை 1861-இல் ரிச்மண்டில் வாங்கிவந்தார். அதன் பிறகு ஞாயிறுதோறும் மதிய விருந்தில் விருந்தினருக்கு வாசித்துக் காட்டுவார். "பழைய அமெரிக்கச் சட்டம் வெட்கப்பட்டுக்கிட்டு 'வேலை செய்யக் கடமைப்பட்ட ஆளு'ன்னு சுத்தி வளைச்சுது. நம்மாளுங்க அடிமைன்னு பேரைப் போட்டே எழுதிட்டாங்க பாருங்க!" என்பார். நான் பின்னால் பன்றித்தொடைத் தட்டுடன் நிற்பேன். வாசித்து முடியும்வரை தட்டை அசைக்கக் கூடாது. ஏறக்குறைய நூறு ஞாயிறு இவ்வாறு நின்றதில், எனக்குப் படிக்கத் தெரியாதபோதும் அந்தப் பிரிவு மனப்பாடம் ஆயிற்று.

1863 மார்ச் 12 காலை, மேற்படி அரசின் கேப்டன் லாட்டிமர் ஆறு சிப்பாய்களுடன் வந்து, ரிச்மண்டைச் சுற்றி மண்கோட்டை கட்ட அடிமைகள் தேவை என்றும், பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்றும் சொன்னார். அந்த வேலைக்குப் போன மூவரில் ஒருவர்தான் எங்கள் பக்கம் திரும்பியிருந்தார். முந்தைய ஆண்டு இதே அரசு கர்னலின் மகனைப் படைக்குக் கேட்டபோது கர்னல் தானே அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டு அனுப்பினார். வண்டிக் குதிரைகளைக் கேட்டபோதும் கொடுத்தார். இப்போது வாசலை மறித்துக்கொண்டார்.

"பையனைக் கொடுத்தேன், குதிரையைக் கொடுத்தேன். இவன் மேல கை வச்சீங்கன்னா சட்டத்து மேலயே கை வக்கிறீங்க!"

"பையனுக்குச் சட்டம் குறுக்க வரலியா, கர்னல்?"

"பையனைப் பத்தி அதுல ஒண்ணும் எழுதலியே, ஐயா!"

அதன் பிறகு கேப்டன் அந்தப் பிரிவைக் காட்டச் சொன்னார். புத்தகம் கொண்டுவரப்பட்டது. அட்டையும் நான்கு தாள்களுமே இருந்தன. போர்க்காலத்தில் காகிதம் கிடைக்காததால், கர்னலின் மனைவி முடி சுருட்ட அதிலிருந்து தாள் கிழிக்கச் சொல்லியிருந்தார். கிழித்தது அவருடைய பணிப்பெண்ணான என் மனைவி டேமர். அப்போது அந்த அம்மாள் மாடிப்படியில் நின்றார். தலையில் பதினோரு காகிதச் சுருள்கள் இருந்தன.

"லூயிசா, நாட்டோட அரசியல் சட்டத்தையா தலையில வச்சிருக்கே? அவுத்துக் குடு!"

"வேற காகிதம் வாங்கிக் குடுத்தீங்களாக்கும்! அந்நிய ஆம்பளைங்க முன்னால நான் முடி அவுக்கணுமா?"

கேப்டன் உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சிப்பாய்களையும் திரும்பச் சொன்னார். அம்மாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு கர்னல் என்னைச் சொல்லச் சொன்னார். நான், "நீக்ரோ அடிமைகள் மீதான சொத்துரிமையை மறுக்கும் அல்லது குறைக்கும் சட்டம் எதுவும் இயற்றப்படலாகாது" என்று அந்தப் பிரிவை நிறுத்தாமல் சொன்னேன்.

கேப்டன், "கரெக்டாத்தான் சொல்றான். ஆனா வெள்ளைக்காரனுக்கு எதிரா அடிமை வாய்ச்சொல் செல்லாது. அதுவும் நம்ம சட்டம்தானே, கர்னல்?" என்றார்.

கர்னல் மிஞ்சிய நான்கு தாள்களை மறுபடி புரட்டிப் பார்த்தார். அதன் பிறகு, நான்கு மைல் தொலைவில் நீதிபதி டாப் வீட்டில் இன்னொரு புத்தகம் இருப்பதாகவும், அதை வரவழைப்பதாகவும் சொன்னார். போக நான் மட்டுமே இருந்தேன். எந்தப் பக்கம் என்பது கிழித்தவளுக்குத்தான் தெரியும் என்று டேமரையும், ஏறிப்போகக் கோவேறு கழுதையையும் அனுப்பினார். ரோந்துக்காரர் மறிக்காதிருக்க அனுமதிச் சீட்டு எழுதிக் கையெழுத்திட்டார். கேப்டன், பன்றித்தொடை பரிமாறப்பட்டுவிட்டபடியால், வாசிக்காமலே தானும் கையெழுத்திட்டார்.

கிளைப்பாதையில் இடப்பக்கம் நீதிபதி வீடு, வலப்பக்கம், எதிரியான வடக்குப் படை பிடித்துவைத்திருந்த வில்லியம்ஸ்பர்க்; அங்கே போய்ச் சேர்ந்த அடிமைக்கு விடுதலை. டேமர், "எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டாள். கழுதை வலப்பக்கம் திரும்பியது. கடிவாளம் என் கையில் இருந்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை. வழியில் ரோந்துக்காரர் இருமுறை நிறுத்தினர். கையெழுத்துகளைப் பார்த்ததும் வழிவிட்டனர்.

சீட்டைச் சான்று ஒன்றாகத் தாக்கல் செய்கிறேன். அதில், "அப்சலோம், டேமர், கோவேறு கழுதை ஒன்று, சட்டப் புத்தகம் கொண்டுவரச் செல்கின்றனர். அது கிடைக்கும்வரை யாரும் தடுக்க வேண்டாம்" என்று உள்ளது. திரும்ப வேண்டிய நாள் குறிப்பிடப்படவில்லை. அந்த அரசு இப்போது இல்லாததால் புத்தகம் கடைகளில் கிடைக்கவில்லை. கிடைத்தால் கழுதையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சம்மதம். என் வாய்ச்சொல் போதாது என்றால், சீட்டில் இரண்டு வெள்ளைக்காரர் கையெழுத்து இருக்கிறது.

அன்று காலை அம்மாள் தலையிலிருந்து விழுந்த பன்னிரண்டாவது சுருள் டேமரின் மேலங்கிப் பையில் தங்கிவிட்டது. இந்தக் கோடையில் நான் படிக்கக் கற்றதும் பிரித்துப் பார்த்தோம். அந்தப் பிரிவுதான். சான்று இரண்டு. கர்னலின் புத்தகத்தில் எங்களிடம் வந்தது இந்த ஒரு தாள்தான். வழக்கு முடிந்ததும் அதைக் கர்னலிடமே கொடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மேலே எழுதியிருப்பது எல்லாம் நான் சொன்னது, நடந்தது. எழுத்தர் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். நான் வாங்கி நானே வாசித்தேன். ஓரிடத்தில் 'கர்னலின் அப்சலோம்' என்று இருந்ததை அடித்துத் திருத்திய பிறகு கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) அப்சலோம் விட்லாக்